மர்பி டவுன்

சிஸ்டர் அட்ராக்டாவுக்குத் தட்டு வேண்டாமாம்.
வெந்த கிழங்கைக் கூடையில் கொட்டி
கூடையை அதே பானைமேல் வைக்க வேண்டுமாம்.
ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூண்டு வாங்கிவந்த கூடைதான் இருந்தது.
ஒரு பூண்டுத்தோல் ஒட்டியிருந்தது.
பார்த்தார், எடுக்கவில்லை.

அது அறுபத்தெட்டு. அவருக்கு எண்பத்தொன்பது.
பேசுவது கன்டோன்மென்ட் தமிழ்:
"ஒம்பது பேர், அமலி. நடுவுல கூடை, சுத்தி நாங்க.
மேசை கெடையாது. கட்டவெரல் நகந்தான் கத்தி."

அதனால்தான்
சனிக்கிழமை நகம் வெட்டவரும் நர்ஸ் ஏலியாம்மாவிடம்
வலது கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வார்.
ஏலியாம்மா மலையாளத்தில் திட்டுவாள். விரல் திறக்காது.

காலையில் கிழங்கு, உச்சியில் கிழங்கு, இருட்டினால் கிழங்கு.
தொட்டுக்கொள்ள உப்புத்தண்ணீர்.
குடிக்க மோர்.
மோரா என்று நிமிர்ந்தேன்.
அப்போ வெண்ணெய்?
அது சந்தைக்கு.
முட்டை, டீத்தூளுக்கு.
பன்றி வளர்வது நிலக்காரனின் வாடகைக்கு.

உத்தரத்தில் ஒரு கருவாடு தொங்குமாம்.
கிழங்கை அதற்கு ஒரு தரம் காட்டிவிட்டு
வாயில் போட வேண்டும்.
தொடக் கூடாது, காட்டலாம்.
சிரிக்கத்தான் சொன்னார்.
எங்கள் வீட்டில் ஒரே கருவாட்டுத்தலையை நூலில் கட்டி
குழம்பில் முக்கி, எடுத்து,
நாளைக்கென்று ஆணியில் மாட்டியதைச்
சொல்லலாமா என்று யோசித்தேன்.
அடுப்பைத் தணித்தேன்.

வீடு எங்கே என்று ஒருநாள் கேட்டார்.
மர்பி டவுன் என்றேன்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
அவர் ஊரில் உருளைக்கிழங்கின் பட்டப்பெயரே மர்பியாம்.
அன்றிலிருந்து நான் கிழங்கூர்க்காரி.

ஒரு சட்டம் மட்டும் கறார்:
கடைசிக் கிழங்கை யாரும் எடுக்கக் கூடாது.
ராத்திரி கூடையிலேயே கிடக்கட்டும்,
வழிதப்பி வருகிறவனுக்கு,
இல்லை, வெளியே திரிகிற அவர்களுக்கு.
அவர்கள் என்றால் யார், சிஸ்டர்?
ஜெபமாலையைத் தடவினார்.
கன்னியர் மடத்தில் அதற்குமேல் கேட்க முடியாது.

விடிந்தால் கூடை காலி.
பெருச்சாளி என்றார் மதர்.
கணக்கு நோட்டிலும் பெருச்சாளி என்றே எழுதினார்.

பெருச்சாளிக்கு ஆறரை மணிக்கு பஸ்.
முந்தானை முடிச்சில் இடுப்பைச் சுடும்
இன்னும் ஆறாத ஒரு கிழங்கு.
பெருச்சாளிக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.
மூன்றாகப் பிட்டால் ஒன்று எப்போதும் சின்னதாகிவிடும்,
அதற்கொரு சண்டை.

இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதேயில்லை.

நவம்பரில் படுக்கையோடு படுக்கையானார்.
மோர் மட்டும் இரண்டு மடக்கு.
பசியில்லை, கூடையை எடுத்துப் போ என்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
அந்த நகத்தில் மாவு காய்ந்திருந்தது.

கூடையில் கிழங்கு மூன்று.
மூன்றும் உரித்திருந்தது.