நாலு இலக்கம்

பனைமுந்தலுக்குள் பஸ் திரும்பும் இடத்தில்
பேரூராட்சிப் பலகை நிற்கிறது.
மக்கள் தொகை: ஆறாயிரத்து நானூற்று...
மிச்சத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது.

பதினெட்டு நாளாக
படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அந்த மிச்சத்தைத் தேடி அலைகிறேன்.
பள்ளியில் நான் நடத்துவது அறிவியல்.
கணக்கு எடுக்க அனுப்பும்போது
யாரும் அதைக் கேட்கவில்லை.

மரைக்காயர் தெருவில் பதினேழு பூட்டு.
சாவியெல்லாம் ஜுலைஹா பீவி வீட்டு ஆணிகளில்.
தொட்டுத் தொட்டுச் சொன்னார்:
மண்ணடி, ஷார்ஜா, கோலாலம்பூர், மண்ணடி.
"பெருநாளைக்கு எல்லாரும் வருவாக.
அன்னைக்கு வந்து எண்ணிக்கிட மாட்டீகளா?"
விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு நாள் இல்லை.
பூட்டிய வீடு என்று பதினேழு முறை எழுதினேன்.
ஒன்றின் உள்ளே மட்டும்
ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்.

கடற்கரைத் தெருவில் அமலோற்பவம்
விரல் மடக்கி நாலு பேர் என்றாள்.
அலம்பிக் கவிழ்த்திருந்தது மூன்று தட்டு.
சேசடிமை வவுனியாச் சிறையில்,
தை பிறந்த வாரம் படகோடு பிடித்தது.
ஆறு மாதத்துக்குள் திரும்பும் எண்ணம் உண்டா
என்கிறது படிவம்.
யாருடைய எண்ணம்?
நாலு என்றே எழுதினேன்.
எழுத்து அறியாதவள் எட்டிப் பார்த்தாள்,
நாலு என்ற எண் எப்படி இருக்கும் என்பது மட்டும்
அவளுக்குத் தெரியும்.

ஐஸ் ஃபேக்டரி மாடியில்
ஒடிசாப் பையன்கள் பதினொருவர்.
தங்கள் ஊர்ப்பெயர் என் வாயில் படும் பாட்டைக் கேட்டு
உருண்டு சிரித்தார்கள்.
"நம்ம ஊரு" என்றான் ஒருவன், தீனபந்து, தமிழில்.
எதைச் சொல்கிறான் என்று பார்த்தால்
கை கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

பாசி எடுக்கும் பெண்களைக்
கரையில் நின்றே எண்ணப் பார்த்தேன்.
முங்கிய தலை மேலே வருவதற்குள்
இன்னொரு தலை முங்கும்.
பதினாலு. பதினாறு. பதின்மூன்று.
கரையேறட்டும் என்று கருவேல நிழலில் உட்கார்ந்தேன்.
கையுறை கழற்றிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்:
"எங்க கணக்கு கெடக்கட்டும் டீச்சர்.
நீங்க எந்த வீட்டுக் கணக்கு?"

பரமக்குடியில் மாமியார்
மருமகள் என்று என் பெயரைக் கொடுத்திருப்பார்.
திருப்பூரில் அவர்
ஒற்றை ஆள் என்று எழுதச் சொல்லியிருப்பார்.
இங்கே ரேஷன் கடைக்குப் பின்னால்
வாடகை அறை, ஒரு ஜன்னல்.
அந்தத் தெருவை எண்ணியவள் நான்தான்.
அந்தக் கதவை மட்டும் தட்டவில்லை.

வீடில்லாதவர்களை எண்ணும் இரவில்
பஸ் நிறுத்தத்தில் ஒருவர்.
தகப்பன் பெயர் கேட்டேன்.
முதலில் ஒன்று சொன்னார்,
யோசித்து வேறொன்று சொன்னார்,
பிறகு என் அப்பா பெயர் என்ன என்றார்.
சொன்னேன்.
"நல்ல பேரு. அதையே போடுங்க."

சரிபார்க்கும் ஐந்து நாளில்
கறிக்கடை காஜா முகைதீன் இறந்துபோனார்.
அடித்தேன்.
கருவேலங்காட்டுக் கரிமூட்டக் குடிசையில்
இரட்டைப் பிள்ளைகள்.
பிறந்தது கணக்கு நேரத்துக்கு முன்பா பின்பா?
"அப்பத்தான் மூட்டத்துக்குத் தீ வச்சோம்" என்றான் தகப்பன்,
அதுவே கடிகாரம் மாதிரி.
குழந்தை ஒன்று, குழந்தை இரண்டு என்று எழுதினேன்.
கரி படிந்த கையால்
அவன் அந்தத் தாளைத் தொடாமல் பார்த்தான்.

இன்று பலகையைப் புதுப்பிக்கிறார்கள்.
பெயிண்டர் நாகுசாமி தொண்டிக்காரன்,
இந்த ஊர்க் கணக்கில் வராத ஆள்.
"எத்தனைன்னு எழுத?"
டெல்லியிலிருந்து வரணும், வருஷம் ஆகும் என்றேன்.
"அப்ப எடம் விட்டுருறேன். நாலு எலக்கம் போதுமா?"
போதும் என்றேன்.
இரண்டடி பின்னால் போய்
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
அஞ்சுக்கு விட்டான்.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பான்.