பன்னிரண்டு ராணிகள்

வானம் திறந்தால் விமானம் உண்டு
என்றார் சீட்டு கொடுப்பவர்,
மூன்றாம் நாளும், அதே தேநீர்க் கோப்பையோடு.
திறப்பது யார் என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

துஷான்பேயிலிருந்து கோரோக்
விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.
அது மலைகளுக்கு மேலே போவதில்லை, நடுவே போகிறது.
மேகம் இருந்தால் விமானிக்குப் பாறை தெரியாது.
சாலையில் பதினாறு மணி நேரம் என்பார்கள்,
சாலை இருந்தால்.

என் உள்சட்டைக்குள் பன்னிரண்டு கூண்டுகள்,
தீப்பெட்டி அளவு.
ஒவ்வொன்றிலும் ஒரு ராணித் தேனீ,
ஐந்து தோழிகள், ஒரு கட்டிச் சர்க்கரை.
தோழிகள் தின்று ராணிக்கு ஊட்டுவார்கள்.
கட்டி கரைந்து முடியும் முன்
ருஷானில், ராணி செத்த பெட்டிகளுக்குள்
இவளை இறக்கிவிட வேண்டும்.
உடம்புச் சூடு போதும் இவளுக்கு.
வெயில் ஆகாது. தூசி ஆகாது. குலுக்கல் ஆகவே ஆகாது.

முதல் நாள் என்னையும் பையையும்
சேர்த்தே தராசில் ஏற்றினார்கள்: எழுபத்து நான்கு.
சட்டைக்குள் இருப்பவற்றின் எடை என்ன
என்று கேட்டார் பின்னால் நின்ற பல் மருத்துவர்.
ஒரு பெருமூச்சு, என்றேன்.
பிறகு வெட்கமாகிவிட்டது.
அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை நான்.

நெக்கதம் தினமும் கூப்பிட்டான்.
காத்திரு, பறந்தே வா, என்றான்.
போன வருஷம் ஜீப்பில் வந்த எட்டில்
மூன்றுதான் பிழைத்தன, நினைவிருக்கா என்றான்.
இருக்கிறது.
அவன் அண்ணனின் லாரி ஆற்றில் இறங்கிய வளைவும்
நினைவிருக்கிறது. அதை அவன் சொல்லவில்லை.
அங்கே எல்லா டிரைவர்களும் ஹாரன் அடிப்பார்கள்,
எதிரே யாரும் வராவிட்டாலும்.

மூன்றாம் இரவு, வாடகை அறையில்,
கூண்டுகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்தேன்.
ஏழாவதில் சத்தமில்லை.
திருப்பி வைத்தேன், தட்டினேன், மறுபடி வைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே மழை,
யாரையும் அவசரப்படுத்தாத மழை.

காலையில் பதினொன்றோடு ஜீப் நிலையம் போனேன்.
ஜர்பக்த் ஒரு டயரை உதைத்துக் காட்டி
ஜெர்மன் டயர், அக்கா, என்றான்.
மற்ற மூன்றைப் பற்றி நான் கேட்கவில்லை.
முன் சீட் வேண்டும் என்றேன்.
அதில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது,
யாருடைய கல்யாணத்துக்கோ.

குலாப் தாண்டியதும் தூசி.
முந்தானைபோல் சால்வையை நனைத்து மூடிக்கொண்டேன்.
மூச்சுவிட முடியாமல் நானும்,
விட்டுக்கொண்டே இருந்த அவையும்.
இரவெல்லாம் ஓட்டினான்.
வஞ்ச் பிரிவு கடந்து, விடிந்தபின்,
மலையின் ஒரு பக்கம் சாலையில் படுத்திருந்தது.
ஒரே ஒரு புல்டோசர். அதன் ஓட்டுநர்
தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

கீழே பஞ்ச் ஆறு, சாம்பல் நிறம்.
அக்கரை ஆப்கானிஸ்தான். அங்கே பாறையில்
நகத்தால் கீறியதுபோல் ஒரு பாதை,
அதில் ஒரு ஆள், ஒரு கழுதை, கழுதைமேல் விறகு.
எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.
பிறகு கழுதை எங்களை முந்திப் போய்விட்டது.

மதியம் அந்தச் சத்தம் கேட்டது.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.
இரண்டு சிகரங்களுக்கு நடுவே,
துடைத்துவைத்த நீலத்தில்,
சின்னதாக, வெள்ளையாக.
திறந்துட்டாங்க, என்றான் ஜர்பக்த்.
யாரும் பதில் சொல்லவில்லை.
சீட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்;
பாதிப் பணம்தான் தந்தார்கள்.

அப்போது சட்டைக்குள் ஒரு ராணி கூவியது.
தகரக் குழலைக் கைக்குழந்தை ஊதுவதுபோல்.
இன்னொன்று பதிலுக்குக் கூவியது.
பிறகு எல்லாம். எத்தனை என்று
எண்ண வரவில்லை எனக்கு.

மாலையில் வழி விட்டார்கள்.
நாலு கிலோமீட்டரில் அந்த வளைவு.
ஜர்பக்த் ஹாரனில் கையை வைத்தான்,
எடுக்கவில்லை.
நெஞ்சோடு கூண்டுகளை அழுத்திக்கொண்டேன்.
ஆற்றைப் பார்க்கவில்லை. பார்த்தேன்.

ருஷான் வெளிச்சங்களுக்கு முன்னால்
போனில் ஒரு கோடு சிக்னல்.
எத்தனை மிச்சம் என்று கேட்பான்,
என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

தாண்டிட்டியா, என்றான்.