மூடி வேறு

பதினான்காம் பெட்டியில், தோட்டக் கையுறைகளுக்கும்
கடிகாரம் இல்லாத ஒரு கடிகாரப் பெட்டிக்கும் நடுவில்
பழைய பேப்பரில் சுற்றிக் கிடந்தது.
பூச்சாடி, நாலு பிராங் என்று
ஃப்ராவ் ட்சூர்ஃப்ளூ சீட்டு ஒட்டிவிட்டார்.
பூச்சாடிக்கு எதற்கு மூடி என்றேன்.

வியாழக்கிழமை. புர்க்டோர்ஃப்,
பழம்பொருள் கடையின் பின்னறை.
தூக்கியதும் கை கொஞ்சம் இறங்கியது.
ஈயம் கலந்த கண்ணாடி அப்படித்தான்,
கண்ணுக்கு இருநூறு கிராம், மணிக்கட்டுக்கு ஒரு கிலோ.
நகத்தால் விளிம்பைத் தட்டினேன்.
அச்சில் அழுத்திச் செய்தது 'டொக்' என்று பேச்சை முடித்துவிடும்.
இது முடிக்கவில்லை.
ஃப்ராவ் ட்சூர்ஃப்ளூ திரும்பிப் பார்த்த பிறகும்
சொல்லக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

போத்தலின் வயிற்றில் ஒரு பெண்,
முழங்காலளவு நீரில் நிற்கிறாள்,
வலை கையில், இன்னும் வீசவில்லை.
அமிலம் தின்ற படமானால் ஓரம் வழுக்கும்.
இதில் நகம் தடுக்கியது.
கன்னம் இருக்கும் இடத்தில் விரல் பள்ளத்தில் விழுகிறது,
கண்ணுக்கோ அதே கன்னம் புடைத்து வெளியே வருகிறது.
வலையின் ஒவ்வொரு கண்ணையும்
செப்புச் சக்கரம் தனித்தனியே குடைந்திருக்கிறது.
ஒரு கண்ணில் மட்டும் கை நடுங்கியிருக்கிறது.
அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடியைப் பார்த்தேன். மேசைகளில் அரைபட்டு மங்கல்.
தேயாத அடியென்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.
எழுத்து இருக்கிறது, வாசிக்க முடியவில்லை.
பணப்பையில் மடித்து வைத்த திருநீற்றில்
ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன்.
சமையல் சோடாவா, என்றார் ஃப்ராவ் ட்சூர்ஃப்ளூ.
ஏறக்குறைய, என்றேன்.
வெள்ளைக் கோடுகளாய் எழும்பின:
ஸ்வீடன் ஊர் ஒன்றின் பாதிப் பெயர்,
வரைந்தவரின் முதலெழுத்து, நாலு இலக்கம்,
கடைசியில் குடைந்தவரின் அடையாளம்,
கொக்கின் கால் ஈர மண்ணில் பதிந்த மாதிரி.
சிவனே, என்றேன், பழக்கதோஷத்தில்.

நூற்றெண்பது பிராங் என்று மனதில் எழுதியாயிற்று.
பிறகுதான் பார்த்தேன்,
கழுத்து விளிம்பில் 31,
மூடியின் தண்டில் 37.

ஒரு வீட்டில் இரண்டு இருந்திருக்க வேண்டும்.
ஒன்றின் உடலும் மற்றதன் தலையும் உடைந்திருக்க வேண்டும்,
வெவ்வேறு இரவுகளில், வெவ்வேறு கோபங்களில்,
அல்லது ஒரே பூனையால்.
மிஞ்சியதை மிஞ்சியதில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.
அரைச் சுற்றுத் திருப்பினால் ஒரு கீச்சு,
பிறகு பிடித்துக்கொள்கிறது.

சீட்டில் நேர்மையாக எழுத வேண்டும்.
மூடி இதனுடையதல்ல என்பதற்கு
இந்த மொழியில் ஒரே சொல் போதும்: ஃப்ரெம்ட்.
தொண்ணூற்றொன்றில் என் கைரேகை எடுத்த அறையின் கதவிலும்
அதே சொல்தான், பின்னால் போலீஸ் ஒட்டிக்கொண்டு.
பேனாவை மூடினேன். திறந்தேன்.
எழுதினேன். வியாபாரத்தில் அது உண்மை.

பதினொரு மணிக்கு ஏஷ்லிமான் வந்தார்.
வாங்க வந்ததை முதலில் பார்க்காத மனிதர்.
வாஃபிள் இயந்திரங்களை விசாரித்தார், மழையை விசாரித்தார்,
தற்செயல் போலப் போத்தலைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தார்.
உள்ளே பால் படர்ந்தது போல ஒரு மங்கல்,
யாரோ குடிக்க மறந்த மது செய்தது.
விலை குறைய இன்னொரு காரணம்.

மூடி ஃப்ரெம்ட், என்றார்.
எழுதியிருக்கிறேன்.
முப்பது.
எண்பத்தைந்து.
அறுபது, மூடியை நீயே வைத்துக்கொள்.
இரண்டும் சேர்ந்துதான் விலை, என்றேன்,
எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

தோளைக் குலுக்கினார், கடையை இன்னொரு சுற்றுச் சுற்றினார்,
வெறுங்கையோடு போனார்.

மாலை கடை அடைக்கும்போது தட்டில் போத்தல் இல்லை.
வேறெவரும் வாங்கிவிடாதபடி ஒளித்து வைத்திருக்கிறார்:
உடலை வாஃபிள் இயந்திரங்களுக்குப் பின்னால்,
மூடியை ஒரு பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள்.
தேடி எடுத்தேன் இரண்டையும்.
அரைச் சுற்று.
கீச்சு.