நான்கடி பத்து அங்குலம்

நூற்றாண்டு மலரில்
இளையோர் காற்பந்துக்கு அரைப்பக்கம் என்றார் முதல்வர்.
மூத்தோர் அணிக்கு ஆறு,
கோப்பைகளுக்கு வண்ணத்தாள்.
நான் நூலகத்தில் வேலை செய்கிறவள்,
பந்தை உதைத்ததே இல்லை.

பிஸ்கட் டின்னுக்குள் கிடைத்தவை:
ஒரு சலவைக் கணக்கு,
ஒரு தண்டனைப் பதிவேடு,
கரப்பான் தின்றதுபோக ஒரு புகைப்படம்.

சலவைக்காரர் மெய்யப்பன் எழுதுகிறார்:
'சின்னப் பையன் சட்டை பதினொன்று.
காசு பெரிய சட்டைக்கு உள்ளதே.
சேறு ஒரே அளவு.'
ஐம்பத்தொன்று, ஜூன்.
சட்டை இருந்ததால்
அணியும் இருந்தது என்று கொள்கிறேன்.

வயதை யாரும் நம்பாத வருடங்கள்.
ஜப்பான்காரன் காலத்தில் பிறப்புச் சான்றுகள்
எரிந்தன, தொலைந்தன,
சிலருக்குத் தேவையான அளவு
இளமையாகத் திரும்பி வந்தன.
ஆகவே பெனடிக்ட் மாஸ்டர்
சாமான் அறை நிலைக்காலில்
சுண்ணாம்புக் கோடு கிழித்தார்,
நான்கடி பத்து அங்குலத்தில்.
கோட்டுக்குக் கீழே நிற்பவன் இளையோன்.
தாண்டியவன் போய்
மூத்தோருக்குத் தண்ணீர் தூக்கலாம்.

தண்டனைப் பதிவேடு, பக்கம் நாற்பது:
'கோ தியாம் ஹுவாட். முழங்கால் மடக்கியது. இரண்டு அடி.
ஒஸ்மான் பின் சாஆட். முழங்கால் மடக்கியது. இரண்டு அடி.
அருமைநாயகம். மூச்சை விட்டுச் சுருங்கியது. எச்சரிக்கை.'
முதல் தலைவன், முதல் கோல்காவலன்,
முதல் முன்னணி ஆட்டக்காரன்
மூவரும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிட்டார்கள்.

ஆயர் ஈத்தாம் பையன்களிடம் ஏழு வாங்கினார்கள்.
பாலிக் பூலாவில் நான்கு,
திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் வாந்தி.
மூன்றாவது, ஜூலையில், கடலோரத் திடல்.
அருமைநாயகம் உதைத்த பந்து
கம்பத்துக்கு மேலே, சுவருக்கு மேலே போய்
வற்றிக்கொண்டிருந்த கடலில் விழுந்து
பட்டர்வொர்த் பக்கம் கிளம்பிவிட்டது.
வேறு பந்து இல்லை.
சுழியத்துக்குச் சுழியம் என்று
ஊதி முடித்தார் நடுவர்.
மறுநாள் காலைக் கூட்டத்தில் கைதட்டல்.

முதல் வெற்றி ஆகஸ்ட்டில்.
எதிரணி ஃபெரியைத் தவறவிட்டது.

புகைப்படத்தில் பதினொரு முகம், பதினொரு பெயர்.
இடது ஓரத்தில்
கைக்குட்டை பிடித்த ஒரு கை மட்டும்.
பதிவேடு சொன்னது:
'காத்தமுத்து. நான்கடி பத்தேகால். நீக்கம்.
கோட்டோரக் கொடி பிடிக்கலாம்.'

நான்காவது தொலைபேசி அழைப்பில்
ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அகப்பட்டார்.
கல்லூரியிலிருந்து பேசுகிறேன் என்றதும்
வணக்கம்கூடச் சொல்லவில்லை.

'மயிரும்மா அது.'
'என்னது ஐயா?'
'கோட்டத் தாண்டுனது தலை இல்ல, மயிரு.
அன்னிக்கு எண்ணெ வைக்கல, தூக்கிக்கிட்டு நின்னுச்சு.
மாஸ்டர் அமுக்கிப் பாத்திருக்கணும்.
அமுக்கல.'

தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள்.

'இன்னொண்ணு எழுதிக்க.
அருமை அடிச்சது கோலு.
கம்பத்துக்குக் கீழ போயி, தரையில குதிச்சு
அப்புறந்தான் சுவரேறுச்சு.
வலை ஏது அப்ப?
நான் கொடியத் தூக்கிக்கிட்டே நின்னேன்.
எல்லாப் பயலும் கடலப் பாத்துக்கிட்டிருந்தான்.'

எழுதினேன்.
மூன்றாவது ஆட்டம், ஒன்றுக்குச் சுழியம்,
கோட்டோரத்தில் நின்றவர் தகவல்.

முதல்வர் பச்சை மையில் வட்டமிட்டார்.
ஆதாரம்?

மெய்யப்பனின் ஜூலைக் கணக்கைப்
பிரித்து வைத்தேன்.
'சின்னப் பையன் சட்டை பன்னிரண்டு.
ஒன்றில் சேறே இல்லை,
கக்கத்தில் மட்டும் வியர்வை.'

அது கோலுக்கு ஆதாரம் ஆகாது.
தெரியும்.
அவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.