அறுபத்து நான்கு பாட்டில்கள்

தொடக்க நிலைப் பணி என்று போட்டிருந்தது.
அதற்குக் கீழேயே
மூன்றாண்டு முன் அனுபவம் கட்டாயம் என்றும்.
நீச்சல் தெரிந்தவர் மட்டும்
நீச்சல் பழக வரலாம் என்று
குளக்கரையில் பலகை நட்டாற்போல.

ஆனாலும் அனுப்பினேன்.
நசிமியு வஃபுலா, நைரோபி.
இளங்கலை, பன்னாட்டு உறவுகள்.
ஆய்வேடு: ஒரு நதியும் பதினொரு நாடுகளும்.
முன்னே போன நாற்பதில்
முப்பத்தேழு கிணற்றில் போட்ட கல்.
இரண்டு வருந்தின.
ஒன்று என்னை
'அன்புள்ள திரு. கிப்ரோனோ' என்று விளித்து வருந்தியது.
யாரந்தக் கிப்ரோனோ,
என் பெயரில் அவனுக்கு ஏதும் போயிருக்குமோ,
நல்ல சேதியாக இருந்துவிட்டால்?
இரண்டு நாள் தூங்கவில்லை.

கிகொம்பா சந்தையில் குவியலிலிருந்து இழுத்த
கறுப்புக் கோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
உள்பையில் சலவைக் கடைச் சீட்டு,
ஏதோ வடதேசத்து மொழியில்.
எனக்கு முன்பே உலகம் பார்த்த கோட்டு.
கைதான் அரை அங்குலம் நீளம்.

ஒரு திங்கள் மாலை தொலைபேசி.
மூன்று நாள் வேலை,
கிகிரியில் மாநாடு, நதிநீர்ப் பங்கீடு.
ஆய்வேட்டின் நான்காம் இயலைத்
தொண்டைவரை கொண்டுவந்து நிறுத்தினேன்.
'கறுப்பு ஷூ இருக்கிறதா?' என்றார் வச்சேரா.
இருக்கிறது என்றேன்.
நேர்காணல் முடிந்தது.

மழை பெய்தால் மட்டாட்டுவில் கட்டணம் இரட்டிப்பு.
பெய்தது.

மேசைக்கு மேசை பெயர்ப்பலகை, அகரவரிசையில்.
சின்னக் கொடி, ஒலிவாங்கி,
கண்ணாடித் தம்ளர், தண்ணீர் பாட்டில்.
அறுபத்து நான்கு இருக்கை.
என் அடிக்குறிப்புகளில் குடியிருந்த நாடுகளெல்லாம்
இருமிக்கொண்டும் கைபேசி பார்த்துக்கொண்டும்
வந்து உட்கார்ந்தன.

இரண்டாம் நாள் கவனித்தேன்.
கீழ்நீர் நாட்டுக்காரர்
பாட்டிலைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தார்.
சிறிது நேரம் கழித்து
ஒரு விரலால் தள்ளியும் வைத்தார்.
சீட்டில் பச்சை மலை, வெள்ளை அருவி:
மேல்நீர் நாட்டின் சுனைத் தண்ணீர்.
பதினோரு மணிக்கு வறண்ட தொண்டையோடு
'எங்கள் பங்கு' என்று தொடங்கினார்.
குரல் பாதியில் பிளந்தது.
எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மதிய உணவுக்கு மண்டபம் காலியானது.
யாரையும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஒரு குழு அமைத்திருப்பார்கள்.
முதல் சீட்டு முழுதாக உரிந்து வந்தது.
மற்றவை கிழிந்து கிழிந்து வந்தன.
நகக்கண்ணெல்லாம் பசை.
அறுபத்து மூன்றை முடித்தபோது
ஒன்றை யாரோ எடுத்துப் போயிருந்தது தெரிந்தது.

மாலை அமர்வில்
அவர் குடித்தார்.
அவ்வளவுதான். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை.
இறுதி அறிக்கையில் ஒரு காற்புள்ளிக்காக
இரவு ஒன்பதுவரை இழுபறி.

'சீட்டை உரித்தது யார்?' என்றார் வச்சேரா.
நான் என் ஷூவைப் பார்த்தேன்.
'நாளைக்கும் உரித்துவிடு' என்று
பட்டியலுக்குத் திரும்பினார்.
கூலி எம்-பெசாவில் வந்தது,
இருநூறு ஷில்லிங் குறைவாக.

இப்போது வெள்ளி இரவு, ரொய்சாம்புவில்
ஐந்தாம் மாடி அறை.
வாரத்தில் இரண்டு நாள் குழாய் பேசும்.
எங்கள் கட்டடத்தில்
தரைத்தளத்துக்காரர்தான் மேல்நீர்.
ஒடெம்பா வீட்டு மோட்டார் ஓய்ந்த பிறகு
சொட்டுவதே எங்களுக்கு.
இதுபற்றி ஆய்வேட்டில் ஒரு வரி இல்லை.

நாற்பத்திரண்டாவது படிவம்.
'தொடர்புடைய அனுபவம்' என்றொரு கட்டம்.
மூன்று நாள் என்று அடித்தேன்.
எழுத்தை ஏற்காது என்றது.
ஆண்டுக் கணக்கில் எண் மட்டும் வேண்டுமாம்.
பூஜ்யம் இட்டேன்.
அழித்தேன்.
புள்ளி வைத்தால் ஏற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கையில்
குழாய் ஒருமுறை இருமியது.

மடிக்கணினி திறந்தபடி கிடக்க
இரண்டு வாளியோடு
படியிறங்குகிறேன்,
ஒடெம்பாவிடம் என்ன சொல்லித் தொடங்குவது என்று
ஒவ்வொரு மாடியிலும்
ஒரு வாக்கியத்தை மாற்றிக்கொண்டு.