வலக்கை உறை

நேற்றைய வியர்வை இன்றும்
அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.
எத்தனையாவது பித்தான் திறந்திருந்தது,
எந்த முழங்காலில் மண்,
எல்லாம் நோட்டில் இருக்கும்.

மின்யாவுக்குத் தெற்கே, கரும்புக்கும் கால்வாய்க்கும் நடுவில்
நஸ்லத் அல்-தூத்.
கெய்ரோவிலிருந்து இரண்டு லாரிகளில் போனோம்.
மத ஒற்றுமைப் படம் என்போம், கால்பந்துப் படம் என்போம்,
அனுமதி கேட்கும் மேசையைப் பொறுத்து.

ஊரில் ஆறு வருஷமாக ஆட்டம் இல்லை.
தேவாலயத்துக்கு இன்னொரு மாடி எழும்புகிறது என்று
யாரோ யாரிடமோ சொன்ன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு
மைதானத்தில் எருமைகள்தான் எதிரெதிரே நின்றன.
கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வீட்டுச் சுவர்.
அதில் கரி பூசச் சொன்னார் இயக்குநர்.
பூச்சு பிடிக்கட்டுமென்று பையன் சுண்ணாம்பைச் சுரண்டினான்.
உள்ளே கரி ஏற்கெனவே இருந்தது.
வீட்டுக்காரி துமியானா வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தாள். மறுபடி உரித்தாள்.
"கரி: அசல்" என்று எழுதிக்கொண்டேன்.

கதையில் கோல்கீப்பர் முஸ்லிம்.
ஊரில் பாயத் தெரிந்தவன் வானிஸ் ஒருவன்தான்,
வலது மணிக்கட்டின் உள்பக்கம்
சிறுவயதில் குத்திய நீலச் சிலுவையோடு.
பெனால்டி அடிக்கும் கிறிஸ்தவனுக்கு நல்ல இடக்கால் வேண்டும்.
அது ரிஃபாயியிடம் இருந்தது.
உறை மறைக்காதா என்று கேட்டேன்.
க்ளோசப் இருக்கிறது என்றார்கள்.
ஒப்பனைக்கார நக்லா
ஒருவன் கையில் அழித்ததை
அடுத்தவன் கையில் வரைந்தாள்.
வானிஸின் நெற்றிக்குத் தொழுகைத் தழும்பு,
காப்பித்தூளும் பசையும்.
"எங்க பால்காரர் மாதிரி இருக்கேன்" என்றான்.
ரிஃபாயி சிரிக்கவில்லை. கையை
உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான்,
சுட்டுக்கொண்டவன் போல.

வானிஸ் தடுக்க வேண்டும், பிறகு இருவரும் தழுவிக்கொள்ள வேண்டும்.
முதல் டேக்கில் கோல். ஒன்பதாவதிலும் கோல்.
"விட்டுக்கொடுத்து அடிக்க எனக்கு வராது" என்றான் ரிஃபாயி.
"விட்டுக்கொடுத்தா நான் பிடிக்க மாட்டேன்" என்றான் வானிஸ்.
அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இவர்கள், இந்தப் பக்கம் அவர்கள்,
கத்துவதற்குத் தினக்கூலி.
காலையில் வெட்கப்பட்டார்கள்.
பதின்மூன்றாவது டேக்கில் ஒரு குரல்:
"ஹம்தானைக் காட்டிக்கொடுத்தது யாரு?"
வசனத்தில் அது இல்லை.
ஈ பறப்பது கேட்டது.
"அப்படியே வெச்சுக்கோங்க" என்றார் இயக்குநர்.
ஒலிப்பதிவு ஸாபெர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

பதினாலாவதில் வானிஸ் பிடித்தான். நிஜமாகவே,
விரல் நுனியில்.
தழுவல் எதுவும் நடக்கவில்லை. ரிஃபாயி மண்ணை எத்தினான்.
"நாளைக்கு வா" என்றான்.

விளக்குகள் அணைந்தபின் குழாயடியில்
வானிஸின் களிம்பு ஒரே தேய்ப்பில் போனது.
ரிஃபாயியின் நீலம் போகவில்லை.
வியர்வைக்கும் தாங்கும் மை, உயர்ந்த சரக்கு.
சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்,
கடைசியில் செங்கல் துண்டு.
தோல் சிவக்கச் சிவக்கச் சிலுவை தெளிந்தது.
போட்டிருந்தது அரைக்கைச் சட்டை.
வீடு தெருவின் மறுகோடியில்,
வாசலில் அப்பா உட்கார்ந்திருக்கும் நேரம்.

வானிஸ் பட்டையைப் பல்லால் பிரித்தான்.
வலக்கை உறையை உருவி எறிந்தான்,
கைக்கு எட்டும்படி.
பேச்சு ஒன்றும் இல்லை.
அந்தி வெளிச்சத்தில் ஒரே ஒரு கையுறையோடு
ஒருவன் கால்வாய் ஓரமாக நடந்து போனான்.

மறுநாள் ரிஃபாயி வரவில்லை.
அதற்கடுத்த நாள் வந்தான், முழுக்கைச் சட்டையில்.
உறை எங்கே என்று அவன் சொல்லவில்லை,
கேட்கவேண்டியவன் கேட்கவில்லை.
ஒற்றை உறையோடு கம்பங்களுக்கு நடுவில் நின்றான் வானிஸ்.
நான் கையை உயர்த்தியிருக்க வேண்டும்.
பதினோரு வருஷத் தொழிலில் அதற்குத்தான் சம்பளம்.
நோட்டை மூடினேன்.

இடக்கால் ஓங்கியது.
வெறும் உள்ளங்கையில் பந்து படும் சத்தம் வேறு.
ஸாபெர் மட்டும்
திரும்பி என்னைப் பார்த்தார்.