குளிர்பெட்டி பார்க்கிறவன் சொன்ன வழி

மார்வே துறையில் பைக்குக்குத் தனிக் காசு கேட்பான்,
கொடுத்துவிடு.
அக்கரை மனோரி. கால் மணி நேரம்கூட ஆகாது,
அதற்குள் இத்தனை பெரிய மும்பை
பிழிந்து போட்ட துண்டுபோல
முதுகுக்குப் பின்னால் கிடக்கும்.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்டாய், அமலதாஸ்.
அவளையும் கூட்டி வருகிறேன்,
தூத்துக்குடிக்காரி, மீனில் அவளை ஏமாற்ற முடியாது என்றாய்.
இங்கே ஒரு கடையின் பெயர்ப்பலகையையும்
நான் படித்ததில்லை.
பதினோரு வருடமாகப் பின்வாசலால்தான் போகிறேன்
தோளில் கேஸ் சிலிண்டரும் கையில் மீட்டருமாக.
உனக்கு மறைப்பதை எல்லாம்
எனக்குத் திறந்து காட்டித்தான் ஆக வேண்டும் அவர்கள்.

நீலக் குடை விரித்த இடத்துக்குப் போகாதே.
அங்கே ஒரு வஞ்சிரத்தை எனக்கு முகம் தெரியும்.
தீபாவளிக்குக் கம்ப்ரசர் மாற்றப் போனபோது பார்த்தேன்.
பொங்கலுக்குத் தெர்மோஸ்டாட் போனது,
அப்போதும் அதே மூலையில், அதே வால்.
கொஞ்சம் வெளுத்திருந்தது,
அது என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

பீர் மட்டும் போதுமென்றால் முர்செல்லோ வீட்டுத் தோட்டம்.
சப்போட்டா மரத்தடியில் நாலு மேசை,
ஒன்று ஆடும், அதில் உட்காராதே.
மூன்று டிகிரி, என் கையால் வைத்தது.
மே மாதச் சனிக்கிழமையிலும்
பாட்டில் விரலில் ஒட்டும்.
என் பெயரை மட்டும் சொல்லாதே.
மூன்று பில் பாக்கி வைத்திருக்கிறார்,
உனக்குக் கொடுத்த வறுத்த கடலையையும்
அதில் கழித்துவிடுவார்.

கள்ளு என்றால் விடியலில் வா.
மத்தியானக் கள்ளு சண்டைக்கு நிற்கும்.

ஞாயிறு பூசை முடிந்து லூர்திஸ் வீட்டில் பன்றிக்கறி கிடைக்கும்.
மூன்று நாள் பழசு.
முகம் சுளிக்காதே, வினிகரில் ஊறி
அப்படித்தான் இருக்க வேண்டும் அது.
இந்தக் கரையில் பழசானால் நல்லதாகிற பொருள்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆனால் நீ கேட்டது மீன்.
கருவாட்டுப் பந்தல்களைத் தாண்டு.
பொம்பில் வாயோடு வாய் கோத்துத் தொங்கும்,
அவளுக்குச் சொந்த ஊர் வாசம் வரும்,
கொஞ்ச நேரம் நிற்பாள், நிற்கட்டும்.
அடுத்த சந்தில் சேவந்தி தாண்டேல்.
இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு.
ஓர் ஆள் உயரக் குளிர்பெட்டி உண்டு,
செத்து இரண்டு வருடமாகிறது.
உள்ளே அரிசி, மகனின் கணக்கு நோட்டு,
ரேஷன் கார்டு, ஒரு சுருட்டு நைலான் கயிறு.
கூலி வேண்டாம், சரி செய்து தருகிறேன் என்றேன் ஒருமுறை.
எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:
'எதுக்கு? மிச்சம் வைக்கவா?'

காலையில் படகில் வந்தது பகல் ஒரு மணிக்குள் தீரும்.
ரவை புரட்டிய பொம்பில்,
மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஏறக்குறைய தண்ணீர்,
நாக்கு தொட்டதும் இல்லாமல் போகும்.
பிந்தினால் சோறும் குழம்பும்தான்.
சோல்கடி கேட்டால் ஒரு டம்ளர் தருவாள்,
ரோஜா நிறத்தில், பூண்டு மணக்க.
குளிர்ச்சியாக இருக்காது.
நானும் கேட்டதில்லை.

அவளைப்போல் இன்னும் பத்துப் பேர் கடை போட்டால்
எனக்குச் சோறில்லை.
எனக்குச் சோறும் அங்கேதான்.

ஒன்று சொல்ல விட்டேன்: ஜூன், ஜூலையில் வந்துவிடாதே.
படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போர்த்தியிருப்பார்கள்.
சேவந்தி கதவைச் சாத்திவிட்டு வலை பின்னுவாள்.
மற்ற கடைகளில் இரவும் பகலும்
என் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும்.
நான் நாலு காசு பார்க்கிற மாதங்கள் அவை.
மால்வணியில் வீட்டிலிருந்து
தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான்
படகு ஏறுவேன்.